ஜெஃப் தாமஸின்ட படங்களை நேரில பாத்த ஆக்கள் சொல்லுங்கோ

ஸ்காபரோ_மாமி:
ஒட்டாவாவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போன இடத்திலதான் பாத்தனான், ஆள் ஒட்டாவாவில இருக்கிற பூர்வகுடிப் புகைப்படக்காரர், இஞ்ச கன பேருக்குத் தெரியும். மற்றப் படங்கள் எல்லாம் மறந்துபோச்சு, ஒண்டு மட்டும் போகுதில்ல. அதுதான், 1984, டொரொண்டோ குயீன் ஸ்ட்ரீட், செங்கல் சுவரில கல்ச்சர் ரெவலூஷன் எண்டு கிறுக்கிக் கிடக்கு, முன்னால அவற்ற மகன், சின்னப் பெடியன், தொப்பியில டூ மூன்ஸ் எண்ட பழைய பூர்வகுடித் தலைவரின்ட முகம். பக்கத்தில ஒரு வயசான பூர்வகுடி அம்மா நிண்டவ, பெடியனைப் பாக்கேல்ல, சுவரையே பாத்துக்கொண்டு, "உந்தத் தெருவில நாங்கள் வாடகைக்கு இருந்தனாங்கள்" எண்டா. பிறகு என்னைத் திரும்பிப் பாத்து நீ எப்ப வந்தனி எண்டு கேட்டா. 92 எண்டன். "அப்ப நானும் அங்கதான்" எண்டிட்டு அடுத்த படத்துக்குப் போட்டா. நான் அதே தெருவில ரெஸ்டோரண்டில கோப்பை கழுவினனான், விடிய விடிய நடந்து போறனான், அந்தச் சனத்தில ஒருத்தரைக் கண்டதாக்கூட ஞாபகம் இல்ல.

குமரன்_கோவை:
நான் பாத்தது வேற ஷோ, அதுல முழுக்க ஒட்டாவால இருக்கற ஷாம்ப்ளைன் சிலைதான், அந்தக் காலத்துல கனடாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரரு. 1915ல வெச்சது, மேல அவரு கம்பீரமா நிக்கறாரு (கைல அஸ்ட்ரோலேப், அதான் நட்சத்திரம் பாத்து அளக்கற கருவி, தலைகீழா இருக்குங்கறது தனி கூத்து), கீழ மண்டி போட்டு ஒரு பூர்வகுடி ஸ்கவுட், அதாவது வழிகாட்டி, அது அப்புறமா சேத்தது. 96ல பூர்வகுடி தலைவர் ஓவிட் மெர்க்ரெடி வந்து அந்த ஸ்கவுட் மேல போர்வையப் போத்தி போராட்டம் பண்ணப்புறம்தான் 99ல அத அங்கிருந்து எடுத்தாங்க. தாமஸ் என்ன பண்ணாருன்னா அந்தக் காலி மேடைல தெரிஞ்சவங்களையெல்லாம் நிக்க வெச்சு படம் எடுக்க ஆரம்பிச்சாரு. ஒண்ணுல கிரெக் ஹில், அவரும் ஆர்டிஸ்ட், சீரியல் டப்பா அட்டைல செஞ்ச படகோட இருப்பாரு. என் பொண்ணு அதப் பாத்துட்டு நானும் அங்க உக்காரணும்னு ஒரே அழுகை, சரின்னு நேஷனல் கேலரிக்குப் பின்னாடி அந்தச் சிலை இருந்த நேப்பியன் பாயின்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனா சுத்தி வேலி, உள்ள தோண்டிட்டு இருந்தாங்க, ஷாம்ப்ளைனையே காணோம்! இப்ப அந்த இடத்துக்கு பேரே கீவெக்கி பாயின்ட். அவ இன்னும் கேக்கறா.

நேர்பட_பேசு:
எனக்கு அந்தக் குட்டி பிளாஸ்டிக் பொம்மை படங்கதான் பிடிச்சது, ஊர் ஊரா கட்டடத்துக்கு முன்னாடி நிக்க வெச்சு எடுப்பாரே. மத்தபடி சிலைய ஒடச்சுட்டா வரலாறு மாறிடுமா? குமரன் மாதிரி ஆளுங்க இதுக்கெல்லாம் கைதட்டறதுதான் கடுப்பு.

குமரன்_கோவை:
யாருங்க ஒடச்சா? ஸ்கவுட்ட மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேஜர்ஸ் ஹில் பார்க்குக்கு மாத்துனாங்க, அவ்ளோதான். நான் எங்க கைதட்டுனேன்? எடுத்தப்புறமும் தாமஸ் அந்த இடத்த விடல, திரும்பத் திரும்பப் போயி எடுத்தாரு. படிச்சுட்டுப் பேசுங்க.

லென்ஸ்_பாபு:
சண்டை அப்புறம். போறவங்களுக்கு நான் சொல்றது, முதல்ல எட்வர்ட் கர்ட்டிஸ் படங்களப் பாருங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடி பூர்வகுடிகளப் படம் எடுத்த அமெரிக்கக்காரரு, அந்தத் தொப்பில இருக்கற முகமே கர்ட்டிஸ் எடுத்ததுதான். ஒரு கூடாரத்துக்குள்ள ரெண்டு பேர் உக்காந்திருக்கற படத்துல நடுவுல ஒரு கடிகாரம் இருந்துச்சு, அத அழிச்சுட்டுதான் புத்தகத்துல போட்டாரு, இவங்க பழங்காலத்து ஆளுங்களாவே தெரியணும்னு. அதத் தெரிஞ்சுகிட்டு தாமஸ் படங்களுக்கு வந்தா அவரு ஏன் சுவர், ட்ராஃபிக், கிறுக்கல் எதையும் வெட்டாம விடறாருன்னு தானா புரியும். குழந்தைங்களோட போனா சாப்பாட்ட முடிச்சுட்டுப் போங்க. நேஷனல் கேலரில வியாழக்கிழமை சாயங்காலம் டிக்கெட் கிடையாது, டொரொண்டோ ஏஜிஓல (ஆர்ட் கேலரி ஆஃப் ஒன்டாரியோ) 25 வயசுக்குக் கீழ இருக்கற ஒன்டாரியோ ஆளுங்களுக்கு இலவசம். கார் வேண்டாம், பார்க்கிங் கொள்ளை. மொபைல்ல எடுக்கறதா இருந்தா ஃபிளாஷ ஆஃப் பண்ணுங்க, கண்ணாடில உங்க மூஞ்சிதான் விழும், கொஞ்சம் சாய்ஞ்சு நின்னு எடுங்க. நான் போனப்ப? நல்லா இருந்துச்சு.

ஸ்காபரோ_மாமி:
பாபு தம்பி, நான் பார்க்கிங் கேக்கேல்ல. அவர் வின்னிபெக்கில எடுத்த படங்களை ஆராவது பாத்தனீங்களோ எண்டு சொல்லுங்கோ, அங்கயும் மகனை நிப்பாட்டி எடுத்திருக்கிறார். எங்கட அக்கா அங்கதான் இருக்கிறா.