அப்பாவோட ஸ்கூல் சர்டிபிகேட்ல 1946ன்னு இருக்கு, ஆனா அவர் எப்பவும் 1941ன்னுதான் சொல்லுவார்

தோபாயோ_அம்மா:

வணக்கம். இங்க வந்து படிச்சிட்டுப் போறதோட சரி, எழுதறது இதுதான் முதல் தடவை. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாமத்தான் இங்க கேக்கறேன், பெரியவங்க யாராச்சும் இருந்தா பதில் சொல்லுங்க.

நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம். மகன் இப்போ செக் ஃபோர், அதாவது உயர்நிலை நாலு, வருஷக் கடைசியில ஓ லெவல் பரீட்சை. 1942ல சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில விழுந்த பிப்ரவரி 15தான் இங்க முழுமைத் தற்காப்பு தினம், அதுக்கு வகுப்புல ஆளாளுக்கு வீட்டுப் பெரியவங்க கதை ஒண்ணு சொல்லணுமாம். எங்க அப்பா தவறி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இவன் அவரைப் பாத்ததே இல்ல, படத்துல பாத்ததோட சரி. சரி நம்ம தாத்தா கதையே சொல்லுடான்னு அப்பாவோட பழைய பிஸ்கட் டின்ன எறக்கி ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். அதுல அவரோட சீனியர் கேம்பிரிட்ஜ், அதான் அந்தக் காலத்து பள்ளி இறுதிப் பரீட்சை, சர்டிபிகேட் இருந்துச்சு, நாலா மடிச்சு, மடிப்புல கிழிஞ்சு போயி. பரீட்சை எழுதின தேதியப் பாத்தா டிசம்பர் 1946.

அப்பா 1925ல பொறந்தவர். எங்ககிட்ட எல்லாம் "நான் 41 பேட்ச்"ன்னுதான் சொல்லுவார். கல்யாண வீட்டுல, சிராங்கூன் ரோடுல கூட்டாளிங்களப் பாத்தா அதையேதான் சொல்லிக்குவாங்க. அப்படின்னா 16 வயசுல முடிச்சிருக்கணும், இதுல பாத்தா 21 வயசு. மகன் உடனே கேட்டுட்டான், "ஏம்மா தாத்தா பொய் சொன்னாரா, ஃபெயில் ஆகி ஆகி எழுதினாரா"ன்னு. எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு, ஆனா பதில் சொல்ல எனக்கும் ஒண்ணும் தெரியல.

ஜப்பான்காரன் இங்க ஆண்ட அந்த ஜப்பான் காலத்தப் பத்தி அவர் வாயத் தொறந்ததே கிடையாது. ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு, ஞாயித்துக்கிழமை காலையில காரிடார்ல நின்னு கைய காலை ஆட்டி எக்சர்சைஸ் பண்ணுவார், வாய்க்குள்ள என்னமோ எண்ணிக்கிட்டே. அது தமிழும் இல்ல இங்கிலீஷும் இல்ல மலாயும் இல்ல. கேட்டா சிரிச்சிட்டு உள்ள போயிடுவார்.

அந்த அஞ்சு வருஷம் பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு என்னதான் நடந்துச்சு?

பழைய_வாத்தியார்:

தங்கச்சி, முதல்ல உங்க பையன்கிட்ட தாத்தா பொய் சொல்லலன்னு சொல்லிடுங்க. நான் முப்பத்தி ரெண்டு வருஷம் வரலாறு நடத்தினவன், இதே கேள்வியோட எத்தனையோ பிள்ளைங்க என் முன்னாடி வந்து நின்னிருக்காங்க, வீட்டுல கிடைச்ச பேப்பர்ல வருஷம் இடிக்குதுன்னு.

அந்தக் காலத்துல கேம்பிரிட்ஜ் பரீட்சை வருஷக் கடைசியில, எழுதின பேப்பரையெல்லாம் கட்டி கப்பல்ல ஏத்தி இங்கிலாந்துக்கு அனுப்புவாங்க, அங்கதான் திருத்துவாங்க, ரிசல்ட் வர மாசக் கணக்குல ஆகும். உங்க அப்பா கடைசி வகுப்புல உக்காந்திருந்த வருஷம் 1941. அந்த வருஷம் டிசம்பர் 8, திங்கக்கிழமை, விடியக்காலை நாலு மணி சுமாருக்கு ஜப்பான்காரன் போட்ட முதல் குண்டு விழுந்துச்சு. டவுன்ல தெரு விளக்கெல்லாம் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, ராஃபிள்ஸ் ப்ளேஸ், சைனாடவுன் பக்கம் 61 பேர் செத்தாங்க. பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்த ஒரு பையன் அன்னைக்குக் காலையில பென்சிலைச் சீவுவானா, பதுங்குகுழி வெட்டப் போவானா, யோசிச்சுப் பாக்கச் சொல்லுங்க.

அப்புறம் எல்லாம் ரொம்ப வேகமா நடந்துருச்சு. ஜனவரி 31ல வெள்ளைக்காரனே ஜொகூர் பாலத்த வெடி வெச்சு ஒடைச்சான், பிப்ரவரி 8 ராத்திரி ஜப்பான்காரன் கடலைத் தாண்டி எறங்கிட்டான், 15ஆம் தேதி புக்கிட் தீமா ஃபோர்டு ஃபேக்டரில வெள்ளைக்காரன் சரணடைஞ்சு கையெழுத்துப் போட்டுட்டான், அன்னைக்கு சீனப் புத்தாண்டு முதல் நாள். அதுக்கு முந்தின நாள் 14ஆம் தேதி நடந்தது ஒண்ணு இருக்கு, நான் எந்த வகுப்புக்கும் அதச் சொல்லாம விட்டதில்ல. குண்டுல செத்துப்போன ஒரு மாணவனை மருத்துவக் கல்லூரி வளாகத்துலயே புதைக்கலாம்னு கூடப் படிச்ச பசங்க போயி நின்னப்ப அங்கேயும் குண்டு விழுந்து 11 பேர் செத்தாங்க. எல்லாம் உங்க அப்பாவவிட நாலஞ்சு வயசு மூத்த பசங்க.

ஏப்ரல் வாக்குல பள்ளிங்கள ஒவ்வொண்ணா திறந்தாங்க, ஆனா அது சின்னப் பிள்ளைங்களுக்கான படிப்பு, நிப்போங்கோன்னு ஜப்பான் மொழி, ஜப்பான் பாட்டு, காலையில தோக்கியோ இருக்கற திசையப் பாத்துக் குனிஞ்சு வணக்கம். கேம்பிரிட்ஜுக்குத் தயாரான பசங்களுக்கு அங்க எடமே இல்ல. பெரிய பையன்னா தொழிற்பயிற்சி, இல்லன்னா வேலை. ஷேக்ஸ்பியரும் அல்ஜிப்ராவும் படிச்சவன் பட்டறையில போயி நின்னான்.

இன்னொண்ணு, கடிகாரத்தையும் மாத்திட்டாங்க. ஊர்ல எல்லாருக்கும் தோக்கியோ நேரம், இருந்த நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி. இப்ப நமக்கு விடியறது ஏழு மணி, அப்ப எட்டு மணி. ஏழு மணி வேலைக்குப் போகணும்னா கும்மிருட்டுல நடக்கணும்.

1945 செப்டம்பர்ல வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், பள்ளிங்களையும் திறந்தாங்க. மூணரை வருஷம் படிப்பு போச்சுல்ல, அதனால வயசு தாண்டின பசங்களையும் சேத்துக்கிட்டாங்க, ஒரே வருஷத்துல ரெண்டு வகுப்பு ஏத்திவிட்டாங்க. மீசை வெச்ச பையனும் அரை டவுசர் பையனும் ஒரே பெஞ்சுல. அப்படி ஒரு பெஞ்சுல போயி உக்காந்துதான் உங்க அப்பா 46 டிசம்பர்ல பரீட்சை எழுதியிருக்கார். சம்பாதிச்சுப் பழகினவன், ரேஷனுக்கு நின்னவன், என்னென்னத்தையோ பாத்தவன், திரும்பி வந்து "ப்ரெசன்ட் சார்" சொல்றது லேசான காரியம் இல்ல தங்கச்சி. எத்தனையோ பேர் திரும்பி வரவே இல்ல.

அவர் 41 பேட்ச்தான். சர்டிபிகேட்தான் அஞ்சு வருஷம் லேட்டு.

தேக்கா_தம்பி:

அக்கா, உங்க அப்பா எண்ணினது "இச்சி, நி, சான், ஷி"யா இருக்கும், ஜப்பான் மொழில ஒண்ணு ரெண்டு மூணு நாலு, நூத்துக்கு நூறு. அந்த எக்சர்சைஸுக்கு ராஜியோ தைசோன்னு பேரு, ஜப்பான் காலத்துல ரேடியோல மியூசிக் போட்டு எல்லாரும் ஒண்ணா பண்ணணும், ஸ்கூல், ஆபீஸ், ஃபேக்டரி எல்லாத்துலயும். எங்க தாத்தாவும் பண்ணுவார், ஆனா அவர் ஏழு வரைக்கும்தான் எண்ணுவார், எட்டு வராது, நாங்க சின்னப் பசங்க கூட நின்னு எட்டு சொல்லிக் குடுப்போம். எனக்கு இப்ப இத டைப் பண்ணும்போதே அவர் பனியன் வாசனை வருது.

செம்பவாங்_சரசு:

தோபாயோ அக்கா, வாத்தியார் ஐயா சொன்னதெல்லாம் சரிதான், ஆனா அது பசங்க கதை. பொண்ணுங்க கதையும் உங்க பையன்கிட்ட சொல்லுங்க.

எங்க பெரியம்மா 1941ல கான்வென்ட்ல படிச்சுக்கிட்டு இருந்தாங்க, நல்லாப் படிப்பாங்களாம், டீச்சர் ஆகணும்னு ஆசை. சண்டை வந்ததும் வீட்டுல வெளிய விடல, முடியெல்லாம் வெட்டி அண்ணனோட சட்டையப் போட்டு வெச்சிருந்தாங்க, காரணம் சொல்லத் தேவையில்ல. ஒன்றரை வருஷம் அடுப்படியில மரவள்ளி சீவிக்கிட்டு இருந்தாங்க. அப்பத்தான் 43 ஜூலைல நேதாஜி வந்தார். 4ஆம் தேதி கேத்தே தியேட்டர்ல பேசினார், மறுநாள் பாடாங் மைதானத்துல ஐஎன்ஏவ, அதான் இந்திய தேசிய ராணுவத்த, நிறுத்திப் பாத்தார். பொம்பளைங்களும் துப்பாக்கி எடுக்கணும்னு அவர் கேட்டது சிராங்கூன் ரோடு முழுக்க ஒரே பேச்சாம். அக்டோபர் 22ல வாட்டர்லூ ஸ்ட்ரீட்ல ஜான்சி ராணி படைக்கு முகாம் திறந்தாங்க, டாக்டர் லட்சுமிதான் தலைமை. எங்க பெரியம்மா வீட்டுல சண்டை போட்டு, ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்து, போயி சேந்துட்டாங்க. எஸ்டேட்ல பால் வெட்டின பொண்ணுங்க, படிச்ச பொண்ணுங்க, எல்லாரும் ஒரே வரிசையில நின்னாங்களாம், அதத்தான் பெருமையா சொல்லுவாங்க. பர்மாவுக்குப் போற கூட்டத்துல அவங்க பேரு வரல, அதுக்கு அழுதிருக்காங்க.

45ல எல்லாம் கலைஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்தாங்க, அடுத்த வருஷமே கல்யாணம். உங்க அப்பாவுக்காச்சும் திரும்பிப் போயி உக்கார ஒரு பெஞ்சு இருந்துச்சு அக்கா, பெரியம்மாவ யாரும் பள்ளிக்கூடம் போறியான்னு கேக்கவே இல்ல. எஸ்பிளனேட்ல ஐஎன்ஏ நினைவுச்சின்னம் இருந்த எடத்துல இப்ப ஒரு பலகை இருக்கு, பழைய சின்னத்த வெள்ளைக்காரன் வந்ததும் இடிச்சிட்டான், 1995லதான் இந்த அடையாளம் வெச்சாங்க. அத வெச்ச வருஷம் பெரியம்மாவக் கூட்டிக்கிட்டுப் போனேன். ரொம்ப நேரம் கடலைப் பாத்துக்கிட்டு நின்னாங்க, அப்புறம் என்கிட்ட கேட்டது "ஜியாமெட்ரில தேற்றம் எல்லாம் இப்பவும் அப்படியேதான் இருக்கா"ன்னு.

ஜாலான்_பெசார்:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

இந்தக் கதைய நம்ம ஆளுங்க கதையா மட்டும் பையன்கிட்ட குடுக்காதீங்க. உங்க அப்பா படிச்சது இங்கிலீஷ் ஸ்கூல்னா வகுப்புல பாதிக்கு மேல சீனப் பசங்களாத்தான் இருந்திருப்பாங்க. ஊர் விழுந்து மூணே நாள்ல, பிப்ரவரி 18ல இருந்து, 18 வயசுல இருந்து 50 வயசு வரைக்கும் சீன ஆம்பளைங்க எல்லாரும் வரணும்னு சொல்லி கம்பி வேலிக்குள்ள நிக்க வெச்சாங்க. ஜாலான் பெசார் ஸ்டேடியத்துல ஒரு எடம், தேக்காவுல இருந்து நடக்கற தூரம்தான். லாரில ஏத்திக்கிட்டுப் போனவங்க ஆயிரக்கணக்குல திரும்பி வரல, சாங்கி கடற்கரைப் பக்கமெல்லாம் சுட்டுட்டாங்க. வகுப்புல கொஞ்சம் வயசு கூடின பசங்க யாராச்சும் அதுல மாட்டியிருக்கலாம். உங்க அப்பா வாயத் தொறக்காததுக்கு வெக்கம் மட்டும்தான் காரணம்னு நெனைக்காதீங்க. கூட உக்காந்தவன் இல்லாத வகுப்புக்குத் திரும்பிப் போறது வேற வலி.

நம்ம ஆளுங்க பட்டதும் கொஞ்சமில்ல. எங்க தாத்தாவ ஜொகூர் எஸ்டேட்ல இருந்து சயாம்-பர்மா ரயில் போட கூட்டிக்கிட்டுப் போனாங்க, 415 கிலோமீட்டர் பாதை, காட்டுல காலரா, மலேரியா. தாத்தா திரும்பி வந்தார், அவரோட தம்பி வரல. தம்பிக்கு 17 வயசு. அதனால ஊர்ல இருந்த பசங்க எப்படியாச்சும் ஒரு வேலையில ஒட்டிக்கப் பாத்தாங்க, கையில வேலைக் கார்டு இல்லாம தெருவுல சுத்தினா ஆள் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். உங்க அப்பா அந்த மூணரை வருஷம் எங்க வேலை பாத்தார்னு டின்ன நல்லா தேடிப் பாருங்க, ஏதாச்சும் சீட்டு இருக்கலாம்.

பழைய_வாத்தியார்:

ஜாலான் பெசார் தம்பி சொன்னது நியாயம், நான் சொல்லாம விட்டது என் தப்பு.

தங்கச்சி, ஒரு உதவி சொல்றேன். தேசிய ஆவணக் காப்பகத்துல ஜப்பான் காலத்தப் பத்தி வயசானவங்க பேசின ஒலிப்பதிவு நிறைய இருக்கு, எண்பதுகள்ல எடுத்தது, தமிழ்ல பேசினதும் இருக்கு, நெட்லயே கேக்கலாம். பையன் அத ஒரு அரை மணி நேரம் கேட்டான்னா போதும், தாத்தா பேசாததுல கொஞ்சம் அங்க கேக்கும். அப்புறம் நம்ம முன்னாள் அதிபர் எஸ்.ஆர்.நாதன் ஐயா கதையையும் சொல்லுங்க, 1924ல பொறந்தவர், உங்க அப்பா வயசுதான், ஜப்பான் காலத்துல மூவார்ல ஜப்பான் மொழி கத்துக்கிட்டு மொழிபெயர்ப்பாளரா இருந்தார், சண்டைக்கு அப்புறம் வேலை பாத்துக்கிட்டே படிச்சார், மலாயா பல்கலைக்கழகத்துல டிப்ளமா வாங்கும்போது 1954. லேட்டா வாங்கின பேப்பர் அவரையும் சின்னவரா ஆக்கல.

தோபாயோ_அம்மா:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரி இத முழுக்க மகனுக்குப் படிச்சுக் காட்டினேன், அவனுக்குத் தமிழ்ல வேகமா படிக்க வராது. சரசு பெரியம்மா ஜியாமெட்ரி கேட்டது வந்தப்ப எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போயிட்டான்.

ஜாலான் பெசார் அண்ணன் சொன்ன மாதிரி டின்ன மறுபடி கொட்டிப் பாத்தோம். அடியில ஜப்பான் காலத்து வாழைமரப் படம் போட்ட பண நோட்டு ரெண்டு, பத்து வெள்ளி, அதுக்கு நடுவுல ஒரு வகுப்புப் படம். பின்னாடி பென்சில்ல பேருங்க, அப்பா கையெழுத்துத்தான், 34 பேரு. தமிழ்ப் பேரு ஆறு, சீனப் பேரு இருபதுக்கு மேல, மிச்சம் மலாய்க்காரங்க, யூரேசியர்ங்க. சில பேருக்குப் பக்கத்துல சின்னதா "46"ன்னு போட்டிருக்கார். எண்ணிப் பாத்தோம், அப்பாவையும் சேத்து 11. மிச்ச 23 பேருக்கு ஒண்ணும் போடல. அவங்க எல்லாம் செத்துட்டாங்கன்னு நான் நெனைக்கல, வேலைக்குப் போயிருக்கலாம், ஊருக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். ஆனா மகன் அந்த 23 பேரையும் ஒரு தாள்ல எழுதி வெச்சிட்டான், வகுப்புல இதத்தான் சொல்லப் போறேன்னு சொல்றான்.

இந்தப் பேருங்கள வெச்சு குடும்பத்தக் கண்டுபிடிக்க எங்க போயி கேக்கணும்னு யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. பேர இங்க போட மாட்டேன், தனியா அனுப்பறேன்.