நாரை தவறவிட்ட மீன்கள்

அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இரவில் தூக்கம் பிடிக்காது; விடிந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. கால் போன போக்கில் நடந்து ஏரிக்கரையில் உட்காருவேன். அங்கேதான் அந்தச் சாம்பல் நாரையைப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். பாதிக் கால் நீரில் மூழ்க, அசைவே இல்லாமல் நின்றிருந்தது. யாரோ நட்டுவைத்த கம்பு என்றுதான் முதலில் நினைத்தேன்.

நாரை கழுத்தை எஸ் வடிவில் மடித்து வைத்திருக்கும். கழுத்தெலும்புகளில் ஆறாவது மட்டும் நீண்டிருப்பதால், அந்த மடிப்பு வில்லிலிருந்து விடுபட்டதுபோல் பாயும். கண் இமைப்பதற்குள் அலகு நீருக்குள் போய்விடும். ஆனால் அன்று பெரும்பாலும் வெறும் அலகுதான் வெளியே வந்தது. எண்ணிப் பார்த்தேன்: ஏழு முறை கொத்தியதில் இரண்டே மீன். தவறும் ஒவ்வொரு முறையும் தலையை உதறும், அலகு நுனியிலிருந்து நீர் சொட்டும், இரண்டடி தள்ளிப்போய் மறுபடி நிற்கும். அவ்வளவுதான். நானோ, ஒரு வாரம் முன்பே அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தால் என்ற ஒரே கேள்வியை மூன்று மாதமாக மென்றுகொண்டிருந்தேன்.

நாரைக்குத் துயரம் கிடையாது என்று நான் சொல்லவில்லை. அதன் மனதை நான் அறியேன். பாடம் கற்க வேண்டும் என்று போய் உட்கார்ந்தால் எதுவும் கிடைப்பதில்லை என்பதும் என் அனுபவம். அன்று நடந்தது வேறு. பறந்துவிடக் கூடாதே என்று நானும் அசையாமல் இருந்தேன். மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அந்த ஒன்றரை மணி நேரமும் அந்தக் கேள்வி எழவே இல்லை என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

*

நாரையைப் பற்றி எழுதியவருக்கு: படித்ததும் என்னுடையதையும் சொல்லத் தோன்றியது. அம்மா படுத்த படுக்கையான பிறகு நான் வெளியே போவதே அரிது. ஜன்னலுக்கு எதிரே ஒரு மின்கம்பி. வலசை வரும் தகைவிலான்கள் அதில் அமரும். எடை சுமார் 20 கிராம்தான். பறப்பதோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். ஒரு மாலை, அவற்றில் ஒன்று இறகு கோதுவதை முழுவதும் பார்த்தேன். வாலடிச் சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெய் எடுத்தது. ஒவ்வோர் இறகாக அலகுக்குள் இழுத்தது. இறகின் இழைகளில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. பிரிந்துபோனவை அப்படி இழுக்கும்போது மறுபடி ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். அரை மணி நேரம், எந்த அவசரமும் இல்லாமல்.

நான் கால் மணி நேரம் கண்ணை மூடினாலே குற்றவுணர்வு பிடுங்கித் தின்னும். அன்றிரவு அக்காவுக்கு ஃபோன் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வர முடியுமா என்று முதல்முறையாகக் கேட்டேன். இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றாள்.

இப்போது அம்மாவின் கட்டிலையும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறோம். கம்பியில் பறவை வந்து உட்கார்ந்தால் முதலில் விரலை நீட்டுவது அம்மாதான்.