சைடுல பார்த்தா நாடி (மோவாய்) உள்ள போன மாதிரி தெரியுது, ஆபரேஷன் இல்லாம ஏதாவது பண்ண முடியுமா?

காரைக்குடிப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். வயசு 26, தை மாசம் கல்யாணம், மண்டபம் எல்லாம் இல்ல, ஊர்ல எங்க பெரிய வீட்டுலயேதான். நிச்சயதார்த்த ஆல்பம் போன வாரம் வந்துச்சு. நேரா எடுத்த போட்டோ எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா சைடுல எடுத்தது ஒண்ணுகூட பார்க்க சகிக்கல, மூக்கு மட்டும் தனியா முன்னால வந்து நிக்குது, நாடி உள்ள போயி கழுத்தோட சேர்ந்துட்ட மாதிரி இருக்கு. மேல் பல்லும் லேசா எத்து, சின்ன வயசுல கம்பி போடணும்னு சொன்னாங்க, அப்ப யாரும் கண்டுக்கல.

அம்மாகிட்ட சொன்னா மூக்கும் முழியுமா லட்சணமாத்தானடி இருக்கங்கிறாங்க. அப்பத்தா அதுக்கும் மேல, "அது உங்க ஐயா மூக்குடி, அந்த மூக்கைப் பார்த்துட்டுத்தான் நான் இந்த வீட்டுக்கே வந்தேன்"னு பெருமையா சொல்லுது, அதுகிட்ட என்ன பேசுறது.

ஆபரேஷன் எல்லாம் வேணாம், வீட்டுலயும் விட மாட்டாங்க. இன்ஸ்டால பார்த்தா மூக்குல ஊசி, நாடில ஊசி, அரை மணி நேரத்துல ஆளே மாறிடுறாங்க. ஒரு இடத்துல ரெண்டும் சேர்த்து பேக்கேஜ்னு போட்டிருக்கான். எங்க சித்திக்குத் தெரிஞ்ச பார்லர்ல வேற அதே ஊசியை பாதி விலைக்கு போடுறாங்களாம். கையில 50, 60 ஆயிரம் வச்சிருக்கேன். எதுக்கு செலவு பண்ணலாம், எது சும்மா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கண்டனூர்ஆச்சி

ஆத்தா, பார்லர் ஊசி மட்டும் வேணவே வேணாம், சொல்லிட்டேன். புருவம் எடுக்க, முகம் கழுவ போ. ஊசி போட எதுக்கு அங்க போற. மத்ததெல்லாம் படிச்ச புள்ளைக வந்து சொல்லும்.

செம்மண்97

சிஸ்டர் மியூவிங் ட்ரை பண்ணுங்க, நாக்கை மேல் அண்ணத்துல ஒட்டி வச்சுக்கணும் அவ்ளோதான், காசே கிடையாது. நான் அதோட கடிச்சு மெல்லுற ரப்பர் பால் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கி யூஸ் பண்றேன், தாடை செம ஷார்ப் ஆகுதுனு பசங்க சொல்றாங்க.

பல்டாக்டர்_திருச்சி

நான் ஆர்த்தோடான்டிஸ்ட், அதாவது கம்பி போட்டுப் பல்லைச் சீராக்குற டாக்டர், சொந்த ஊரு தேவகோட்டை, பிராக்டிஸ் திருச்சில. கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

மொதல்ல ஒண்ணு, மூக்கு பெருசுனு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு பிரச்னை மூக்குல இல்ல. நாடி பின்னாடி இருந்தா சாதாரண மூக்கும் பெருசாத்தான் தெரியும், மேல் பல்லு உதட்டை முன்னால தள்ளுனா நாடி இன்னும் உள்ள போன மாதிரி தெரியும், மூணும் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சது. அதனால எந்த ஊசினு யோசிக்கிறதுக்கு முன்னாடி மூணுல எது காரணம்னு பார்க்கணும். வீட்டுலயே ஒரு விஷயம் பாருங்க தங்கச்சி: கண்ணாடி முன்னால நின்னு முகத்தை லூசா விட்டுட்டு உதட்டை மூடுங்க. மூடுறதுக்கு சிரமப்பட வேண்டியிருந்தா, மூடும்போது நாடித் தோல் குழிகுழியா இறுகிச்சுன்னா, பல்லு முன்னால இருக்கிறதுக்கு அது ஒரு அடையாளம். உதடு தானா சேருது, ஆனா நாடி மட்டும் உள்ள இருக்குன்னா எலும்பே சின்னதா இருக்கலாம். முடிவா தெரியணும்னா சைடுல எடுக்கிற செஃப் எக்ஸ்ரேனு ஒண்ணு இருக்கு, சில நூறு ரூபாதான், அதுல எலும்பு, பல்லு, உதடு மூணும் ஒரே படத்துல தெரிஞ்சிரும். 60 ஆயிரத்தை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி அந்த சில நூறை செலவு பண்ணுங்க.

மூக்கு நுனியில இருந்து நாடி நுனிக்கு ஒரு கோடு போட்டு உதடு அதுக்குப் பின்னால இருக்கணும்னு ரீல்ஸ்ல ஸ்கேல் வச்சு காட்டுறாங்களே, அது ரிக்கெட்ஸ்னு ஒரு அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சொன்ன கோடு. அவர் பார்த்தது பெரும்பாலும் வெள்ளைக்காரங்க முகம். நம்ம ஆளுங்களுக்கு உதடு கொஞ்சம் நிறைவா அந்தக் கோட்டை ஒட்டி இருக்கிறது சகஜம், அதை வச்சு குறைனு மனசைப் போட்டு குழப்பிக்காதீங்க.

இப்ப மூக்கு ஊசி. ஃபில்லர்ங்கிறது ஜெல், அதை உள்ள சேர்க்கத்தான் முடியும், எதையும் குறைக்க முடியாது. மூக்குத் தண்டுல மேடு இருந்தா மேலயும் கீழயும் ஜெல்லை நிரப்பி மேட்டை மறைப்பாங்க, பார்க்க நேரா தெரியும், அளவு உண்மையில கூடத்தான் செய்யும். உங்களுக்கு "முன்னால நிக்குது"ங்கிறதுதான் புகாரு, அதுக்கு அது மருந்தே இல்ல. இன்னொண்ணு, ஃபில்லர் போடுறதுலயே ரிஸ்க் கூடின இடம் மூக்கும் ரெண்டு புருவத்துக்கு நடுவுல இருக்கிற இடமும். அங்க உள்ள ரத்தக்குழாய்க்கு கண்ணுக்குப் போற குழாயோட தொடர்பு இருக்கு, ஜெல் குழாய்க்குள்ள போயிட்டா தோல் கருகலாம், அபூர்வமா கண் பார்வையே போயிருக்கு. அமெரிக்காவுல எஃப்டிஏ மூக்குக்குனு எந்த ஃபில்லரையும் அனுமதிக்கல. கைதேர்ந்தவங்க போடுறாங்கதான், ஆனா பேக்கேஜ்ல ஃப்ரீயா சேர்த்துக் குடுக்கிற சமாச்சாரம் இல்ல அது.

நாடி ஃபில்லர் வேற கதை. லேசா உள்ள இருக்கிற நாடிக்கு சில மில்லிமீட்டர் முன்னால கொண்டு வர அது உதவும், மூக்கும் தானா அடங்கின மாதிரி தெரியும். ஹயலூரானிக் ஆசிட் ஜெல்லா இருந்தா ஏறக்குறைய ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம் நிக்கும், பிடிக்கலைன்னாலோ சிக்கல் வந்தாலோ ஹயலூரானிடேஸ்னு ஒரு மருந்து போட்டுக் கரைச்சிரலாம். கால்சியம் கலந்த ஃபில்லரை அப்படிக் கரைக்க முடியாது, அதனால முதல் தடவைக்கு அது வேணாம். நாடிலயும் ரிஸ்க் சுத்தமா இல்லைனு சொல்ல மாட்டேன், மூக்கை விட குறைவு.

போடுறவங்க எம்டி டிவிஎல் படிச்ச தோல் டாக்டரா, இல்ல எம்சிஹெச் படிச்ச பிளாஸ்டிக் சர்ஜனா இருக்கணும். ஹயலூரானிடேஸ் இப்ப உங்க கிளினிக்ல கைவசம் இருக்கானு நேராக் கேளுங்க, முழிச்சாங்கன்னா எந்திரிச்சு வந்துருங்க. சீல் உடைக்காத டப்பாவை உங்க கண் முன்னால பிரிக்கச் சொல்லுங்க, பேட்ச் ஸ்டிக்கரை உங்க ஃபைல்ல ஒட்டச் சொல்லுங்க. பார்லர்ல பாதி விலைக்கு போடுறது என்ன ஜெல்லுனு போடுற பொண்ணுக்கே தெரியாது, சிலிகான் திரவமா இருந்தா கரைக்கவும் முடியாது, முழுசா எடுக்கவும் முடியாது.

போட்டாக்ஸ்னு தசையைத் தளர்த்துற ஊசி ஒண்ணு இருக்கு, அது நாடித் தோல் குழிகுழியா இறுகுறதை மூணு நாலு மாசம் தளர்த்தும், நாடியை முன்னால கொண்டு வராது.

கம்பி பத்தி: தைக்குள்ள ஒண்ணும் ஆகாது, பல்லு எடுத்து முன்பல்லைப் பின்னால இழுக்கிற கேஸ்னா ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆகும். இதுல ஒரு எச்சரிக்கை இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. நாடி ஏற்கெனவே உள்ள இருக்கிறவங்களுக்கு மேல் பல்லை மட்டும் ரொம்ப இழுத்துட்டா உதடும் பின்னால போயி மூக்கு முன்னைவிட பெருசா தெரிய ஆரம்பிச்சிரும். அதனால "எத்துப்பல்லு, நாலு பல்லைப் புடுங்கி கம்பி போட்டுரலாம்"னு எக்ஸ்ரே கூட எடுக்காம யாராவது சொன்னா ரெண்டாவது ஆள்கிட்ட காட்டுங்க.

தம்பி செம்மண், கோவிச்சுக்காதீங்க. வளர்ந்த ஆளுக்கு நாக்கை வச்சுத் தாடை எலும்பு மாறும்னு நம்புற மாதிரி ஆதாரம் எதுவும் இல்ல. அதைப் பரப்புன மைக் மியூங்கிற பல் டாக்டரையே இங்கிலாந்து டென்டல் கவுன்சில் 2024ல பதிவேட்டுல இருந்து நீக்கிருச்சு. அந்த ரப்பர் பாலை மென்னா கன்னத்துக்குப் பின்னால இருக்கிற தசைதான் தடிக்கும், முகம் ஷார்ப் ஆகாது, அகலமாகும், காதுகிட்ட தாடை மூட்டு வலி வேற வரும். வாயைத் திறக்கும்போது டக்னு சத்தம் வருதா?

செம்மண்97

வருது டாக்டர் 😐 ஓரமா வச்சுட்டேன்.

நெசவுக்காரி

நான் நாடி ஃபில்லர் போட்டவ, அதனால அனுபவத்தைச் சொல்றேன். மதுரைல ஒரு தோல் டாக்டர்கிட்ட. ஒரு சிரிஞ்சுக்கு 20 ஆயிரத்துக்கு மேல ஆச்சு, எனக்கு ரெண்டு தேவைப்பட்டுச்சு. மரத்துப்போற க்ரீம் தடவிட்டுத்தான் போட்டாங்க, வலி தாங்கலாம், உள்ள எலும்பு மேல அழுத்துற மாதிரி ஒரு உணர்வு, அதுதான் விநோதமா இருக்கும். மறுநாள் எந்திரிச்சா நாடி வீங்கி ஓரத்துல நீலம் பாரிச்சு இருந்துச்சு, எங்க மாமியா எங்க விழுந்தனு கேட்டாங்க. வீக்கம் வடிஞ்சு அசல் ஷேப் தெரிய ரெண்டு வாரம் போல ஆச்சு, அதனால கல்யாணத்துக்கு முந்தின வாரம்லாம் போய் நிக்காதீங்க, ஒரு மாசத்துக்கு முன்னாடியே முடிச்சிரணும்.

ரிசல்ட்? எனக்குப் பிடிச்சிருந்துச்சு. வீட்டுல ஒருத்தரும் கண்டுபிடிக்கல, மெலிஞ்சுட்டியானு மட்டும் கேட்டாங்க. ஆனா வருஷம் திரும்புறதுக்குள்ள கரைய ஆரம்பிச்சிருச்சு, திரும்பவும் அவ்ளோ காசானு நான் விட்டுட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்காத செலவு இதுதான், மறுபடி மறுபடி வரும். இதுக்கு முன்னாடி வேற ஒரு கிளினிக்ல விசாரிக்கப் போயிருந்தேன், நாடிக்குனு போனவளை கன்னம், கண்ணுக்குக் கீழ, உதடுனு லிஸ்ட் போட்டு ஒரு லட்சத்துக்கு மேல பில் சொன்னாங்க, இன்னிக்கே போட்டா தள்ளுபடினு வேற. இன்னிக்கேனு சொல்ற இடத்துல கண்டிப்பா போடாதீங்க.

வளவுகேமரா

நான் கல்யாண போட்டோகிராபர், இந்தப் பக்கம்தான் முழுக்க எடுக்கிறேன், கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் எல்லாம். டாக்டர் சொன்னதுல குறுக்க வரல, ஆனா அந்த நிச்சய போட்டோவை எடுத்தவன் மேலயும் பாதி தப்பு இருக்கும்னு எனக்குத் தோணுது.

போன்லயோ வைடு லென்ஸ்லயோ முகத்துக்குக் கிட்ட போயி எடுத்தா மூக்குதான் பெருசா வரும், கிட்ட இருக்கிறது பெருசா தெரியும் அவ்ளோதான். 2018ல அமெரிக்காவுல ஒரு ஆய்வே வந்துச்சு, 5 அடி தூரத்துல எடுக்கிறதை விட 12 இன்ச்ல எடுத்த செல்பில மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமா தெரியும்னு. செல்பியைப் பார்த்து மூக்கை எடை போடுறதை முதல்ல நிறுத்துங்கம்மா. உங்க ஆளுகிட்ட 85 இல்ல 135 எம்எம் லென்ஸ் போட்டு தள்ளி நின்னு எடுக்கச் சொல்லுங்க.

அடுத்தது வெளிச்சம். மத்தியானம் வளவுக்கு, அதான் வீட்டு முற்றத்துக்கு, நடுவுல நிறுத்துனா வெயில் உச்சந்தலைல இறங்கி மூக்கு நிழல் உதட்டு மேல விழும், நாடிக்குக் கீழ இருட்டா போயிரும். அதே வளவுல ரெண்டு அடி பின்னால வந்து தாழ்வாரத்துத் தூண் ஓரமா நிழல்ல நின்னு வானத்தைப் பார்த்து முகத்தைத் திருப்புனா அந்த வெளிச்சம் பஞ்சு மாதிரி இறங்கும், நாடி ஓரம் கோடு போட்டாப்புல தனியா தெரியும். முகப்புல கதவுகிட்ட எடுக்கிறதும் அப்படித்தான், காலைல நல்லா வரும்.

கழுத்துரு, நம்ம பக்கத்து கனமான தாலி, அதைப் போட்டதும் பாருங்க, பொண்ணுங்க எல்லாம் ஒண்ணு செய்யும், அந்த கனத்துக்கும் வெக்கத்துக்கும் தலை தானா குனிஞ்சிரும், நாடி கழுத்துல போய் ஒட்டிரும். அழகான நாடி உள்ள பொண்ணுக்கே அந்த போஸ்ல இரட்டை நாடி வரும். கழுத்தை நீட்டி, நெத்தியைக் கொஞ்சம் முன்னால குடுத்து, நாடியை லேசா கீழ இறக்கணும். கண்ணாடில பார்க்க கோமாளித்தனமா இருக்கும், கேமராவுல நல்லா வரும், முன்கூட்டியே பழகிக்கங்க. சுத்தமா சைடு போஸ் வேணாம்னு சொல்லிருங்க, முக்கால் பக்கம் திரும்பி நிக்கிறதுதான் உங்களுக்கு. கொண்டையை ஒட்டச் சீவாம பின்னந்தலைல கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்லுங்க, முன்னால இருக்கிற மூக்குக்கு பின்னால ஒரு ஈடு வேணும்ல.

காரைக்குடிப்பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். டாக்டர் சொன்ன மாதிரி கண்ணாடி முன்னால பார்த்தேன், உதட்டை மூடும்போது நாடி குழிகுழியா ஆகுது, இத்தனை வருஷம் கவனிச்சதே இல்ல. எக்ஸ்ரே எடுக்க திருச்சிக்குத்தான் வரணுமா? அப்புறம் நாடி ஊசி இப்ப போட்டுட்டு கல்யாணத்துக்கு அப்புறம் கம்பி போட்டா ஏதும் ஆகுமா?

பல்டாக்டர்_திருச்சி

திருச்சி வரணும்னு இல்ல, செஃப் வசதி இருக்கிற டென்டல் எக்ஸ்ரே சென்டர் எதுவும் போதும், காரைக்குடில உங்க பல் டாக்டரைக் கேட்டாலே எங்கனு சொல்லிருவார். புதுக்கோட்டைல 2023ல அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கு, செலவு யோசனையா இருந்தா அங்க ஓபில போயி முதல்ல காட்டுங்க.

நாடி ஊசி இப்ப, கம்பி அப்புறம்னா பண்ணலாம், ஆனா வரிசையை மாத்திச் சொல்றேன். முன்பல்லு பின்னால போனா உதடு ரிலாக்ஸ் ஆகும், நாடி ஷேப்பே மாறும், சில பேருக்கு ஊசியே தேவைப்படாது. நான் உங்க அண்ணனா இருந்தா தைக்கு வளவுகேமரா சொன்னதை மட்டும் செஞ்சுட்டு, காசை கம்பிக்கு வச்சிருப்பேன். இல்ல இப்பவே வேணும்னா நாடி மட்டும், குறைஞ்ச அளவுல, கார்த்திகைக்குள்ள போட்டு முடிச்சிருங்க. மூக்கைத் தொட வேணாம். ராத்திரி சத்தமா குறட்டை விடுறீங்களானு வீட்டுல கேட்டுப் பாருங்க, பகல்லயும் தூக்கம் தூக்கமா வருதுன்னா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, தாடை நிறைய உள்ள இருந்தா மூச்சு தடைபடுறது உண்டு, அது அழகு சம்பந்தப்பட்டது இல்ல.

பள்ளத்தூர்_அம்மா

நடுவுல கேட்கிறேன் தம்பி, எம் பையனுக்கு 11 வயசு, இதே மாதிரி நாடி உள்ள, மேல் பல்லு வெளிய, வாயைத் திறந்துக்கிட்டே தூங்குறான். ஸ்கூல்ல எலினு கூப்பிடுறானுங்களாம். பதினெட்டு ஆகட்டும்னு எங்க வீட்டுல சொல்றாக.

பல்டாக்டர்_திருச்சி

பதினெட்டு வரைக்கும் தள்ளிப் போடாதீங்கக்கா. இந்த இழையிலயே ஆபரேஷன் இல்லாம அதிகம் பலன் கிடைக்கக்கூடிய ஆளு உங்க பையன்தான். வளர்ற வயசுல ட்வின் பிளாக்னு கழட்டி மாட்டுற ரெண்டு தட்டு உண்டு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, வாயை மூடும்போது கீழ்த்தாடையை முன்னால கொண்டு வந்து நிறுத்தும். சாப்பிடும்போதும் போட்டிருக்கணும், பத்துப் பன்னெண்டு மாசம் போல ஆகும், முதல் வாரம் பேச்சு குழறும், எச்சில் வடியும், பையன் கழட்டி டிபன் பாக்ஸ்ல வச்சுத் தொலைக்காம பார்த்துக்கணும், அதுதான் பெரிய பாடு. எலும்பு எவ்வளவு வளருது, பல்லு எவ்வளவு நகருதுனு எங்களுக்குள்ளயே வாதம் உண்டு, ஆனா முன்னால துருத்துற பல்லு உள்ள வந்துரும், கீழ விழுந்து அடிபட்டு முன்பல்லு உடையிற ஆபத்தும் குறையும். அதுக்கப்புறம் பெரும்பாலும் கொஞ்ச காலம் கம்பியும் தேவைப்படும்.

வாயைத் திறந்து தூங்குறான்னு சொன்னீங்களே, முதல்ல காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட அடினாய்டு, அதாவது மூக்குக்குப் பின்னால வளர்ற சதை, இருக்கானு காட்டிருங்க. அது அடைச்சுக்கிட்டு இருந்தா அதைச் சரி பண்ணிட்டுத்தான் தட்டு.

பள்ளத்தூர்_அம்மா

அரைப்பரீட்சை லீவுல கூட்டிட்டுப் போறேன் தம்பி. அவுகப்பாகிட்ட உங்க பதிலை வாசிச்சுக் காட்டிட்டேன், ஒண்ணும் பேசல, செலவு எவ்வளவு ஆகும்னு மட்டும் கேட்கச் சொன்னாக.