மானிட்டர் இரைச்சல்: உங்கள் அறையில் எப்படிக் குறைத்தீர்கள்?

காவேரிப்பட்டணத்திலிருந்து:
மாடி அறையில் அம்மன் கோயில் பாடல்களைப் பதிவு செய்து கொடுக்கிறேன். ஐந்து அங்குல மானிட்டர்கள் (பதிவைக் கேட்டுச் சரிபார்க்கும், பெருக்கி உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்கள்) இரண்டு, பழையதாக வாங்கியவை. பகலில் சாலை ஓசையில் ஒன்றும் தெரியாது. ஊர் அடங்கியதும் இரண்டும் 'உஸ்' என்று சீறும். பழுதுபார்ப்பவர் ஒருவர் உள்ளிருக்கும் பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) பலகையையே மாற்றச் சொன்னார். பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை செய்தேன்: மானிட்டரை அணைத்து, ஒலி வரும் கேபிளைக் கழற்றி, மறுபடி இயக்கினேன். சீறல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. பலகை அப்பாவி!

மானிட்டரின் பின்பக்க ஒலிக் குமிழ் முழுவதும் திறந்திருந்தது. அதனால் இன்டர்ஃபேஸின் (கணினிக்கும் மானிட்டருக்கும் நடுவே ஒலியைக் கொண்டுபோகும் பெட்டி) குமிழைக் கால்வாசிக்கு மேல் திருப்பவே முடியாது, காது கிழியும். இன்டர்ஃபேஸின் வெளியீட்டுச் சுற்று, குமிழ் எங்கே இருந்தாலும், கொஞ்சம் இரைச்சலை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். பாட்டைச் சிறிதாக அனுப்பி மானிட்டரில் பெரிதாக்கினால், இரைச்சலும் கூடவே பெரிதாகிறது. எனவே இரண்டு பக்கக் குமிழ்களையும் முழுக்கக் குறைத்துவிட்டு, பாட்டை ஓடவிட்டு, முதலில் இன்டர்ஃபேஸை முக்கால்வாசிக்கு ஏற்றினேன். பிறகு மானிட்டரை வேண்டிய அளவுக்கு மட்டும் திறந்தேன். பாட்டின் சத்தம் அதேதான். உட்காரும் இடத்தில் சீறல் இல்லை. சில மானிட்டர்களில், உள்ளே வரும் ஒலியின் அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள +4, −10 என்று ஒரு சுவிட்சும் இருக்கும். −10-இல் இருப்பதை +4-க்கு மாற்றினாலே உணர்திறன் ஏறக்குறைய 12 டெசிபல் இறங்கிவிடும்.

பென்னாகரத்திலிருந்து:
அண்ணன் சொன்னது சீறலுக்குச் சரி. எனக்கு வந்தது 'ஊம்' என்ற முழக்கம். எந்தக் குமிழுக்கும் அது மசியவில்லை. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் சட்டென்று நின்றது. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், எர்த் வழியாகச் சுற்றி வந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் செருகி, சாதாரணக் கேபிளுக்குப் பதிலாக பேலன்ஸ்டு கேபிள் (வழியில் சேரும் இரைச்சலை நீக்க உதவும் வகை) போட்டேன். இப்போது சார்ஜர் செருகியிருந்தாலும் முழக்கம் இல்லை. எர்த் முனையை வெட்டிவிடு என்று ஒருவர் யோசனை சொன்னார். உயிரோடு விளையாடும் அந்த யோசனையை யாரும் கேட்காதீர்கள்.

இன்னொன்று. நான் தெருக்கூத்து பதிவு செய்பவன். முகவீணையும் மிருதங்கமும் முழங்கும்போது எந்த இரைச்சலும் தெரியாது. கட்டியங்காரன் பேசி நிறுத்தும் இடத்தில்தான் வெளியே வரும். அது மைக் பக்கத்தில் ஏறிய இரைச்சல், கோப்பிலேயே பதிந்திருப்பது. பாட்டை நிறுத்தியதும் அது போய்விட்டால் மானிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பர்கூரிலிருந்து:
கேபிளைக் கழற்றிய பிறகும் என் மானிட்டரில் மெல்லிய சீறல் மிச்சமிருக்கிறது. ட்வீட்டரில் (கீச்சொலிகளுக்கான சிறிய ஸ்பீக்கர்) காதை வைத்தால்தான் கேட்கிறது. மாற்ற வேண்டுமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து:
வேண்டாம் தம்பி. அது உள்ளிருக்கும் பெருக்கியின் சொந்த இரைச்சல். நாற்காலியில் கேட்காதவரை விட்டுவிடுங்கள். மானிட்டர் குமிழின் நிலையை மட்டும் பேனாவால் குறித்துவையுங்கள். துடைக்கும்போது கை பட்டு அது திறந்துகொண்டால், இன்டர்ஃபேஸ் உயரத்தில் இருக்கும் இந்த அமைப்பில் அடுத்த பாட்டு அறையையே அதிரவைக்கும்.