14 மிமீ லென்ஸ்: மூலையில் நிறக்கசிவு, உதவி தேவை

வணக்கம் உறவுகளே. பாவித்த 14 மிமீ அகலக்கோண கேமரா லென்ஸ் ஒன்று வாங்கினேன். இந்த வாரத்துக்குள்தான் திருப்பிக் கொடுக்கலாம். இன்று விடிய கோணேசர் கோயிலடியில் சூரியனைப் படத்தின் ஓரத்தில் வைத்து எடுத்தேன். பச்சைப் பொட்டுகள் வரிசையாக விழுந்தன. சரி, உள்ளே கண்ணாடிகளுக்கிடையில் ஒளி தெறிப்பதுதான், அதைப் பொறுக்கலாம்.

என்னை உறுத்துவது மூலைகள். வெளுத்த வானத்துக்கு எதிரே தென்னோலை விளிம்பில் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் ஊதா. லென்ஸின் துவாரத்தை எஃப் 8 வரை மூடியும் குறையவில்லை, ஆகவே பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சி, அதாவது ஓரங்களில் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் விலகி விழுவது. அதை மென்பொருளில் நீக்கலாம். ஆனால் இடது மூலையில் மட்டும் ஏன் கூடுதல்? கண்ணாடி மையம் விலகியிருக்குமா? சரிபார்க்கும் முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திருகோணமலையில் இதே அகல லென்ஸ் வைத்திருப்பவர் யாராவது ஒரு காலை டச்பே கடற்கரைக்கு வருவீர்களா? இரண்டையும் பக்கத்தில் வைத்து எடுத்துப் பார்க்கலாம்.