இங்கிலாந்து வேலை விசாவில் இருக்கிறேன், ஜெர்சித் தீவில் வேலை கிடைத்திருக்கிறது: அப்படியே போய்ச் சேரலாமா?

மிட்லண்ட்ஸ் கணக்கர்:

வணக்கம் நண்பர்களே. இந்திய பாஸ்போர்ட். இங்கிலாந்தில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். மனைவி டிபெண்டன்ட் விசாவில் இருக்கிறார், அவரும் வேலைக்குப் போகிறார். மகள் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். இப்போது ஜெர்சித் தீவில், செயின்ட் ஹெலியரில் உள்ள ஒரு டிரஸ்ட் நிறுவனத்திலிருந்து வேலைக் கடிதம் வந்திருக்கிறது. சம்பளம் நன்றாக இருக்கிறது, வருமான வரியும் 20 சதவீதம்தான் என்கிறார்கள். போகத்தான் ஆசை. ஆனால் விதிமுறைகளைப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

வேலையைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட், "ஜெர்சியும் பொதுப் பயணப் பகுதிக்குள்தான் வருகிறது. லண்டனில் விமானம் ஏறினால் அங்கே விசா பார்க்க ஆளே இருக்காது. பிரிட்டன் விசா போதும், போய்ச் சேர்ந்த பிறகு மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். வேலைக் கடிதத்திலோ, "இந்த நியமனம் வொர்க் பெர்மிட்டுக்கும் லைசென்ஸ்டு அனுமதிக்கும் உட்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டும் ஒன்றா, வேறு வேறா?

அப்புறம் வீடு. இணையத்தில் பார்த்த ஒரு வீட்டுக்கு ஃபோன் செய்தேன். வாடகை எவ்வளவு என்று நான் கேட்பதற்குள் எதிர்முனையில் இருந்த பெண், "உங்கள் ஸ்டேட்டஸ் என்ன?" என்றார். ஸ்கில்டு வொர்க்கர் என்றேன். "அது இல்லை, வீட்டு ஸ்டேட்டஸ். இது குவாலிஃபைட் வீடு" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

மாதக் கடைசிக்குள் இங்கே ராஜினாமா கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தீவுக்காரி:

முதல் வேலையாக, அந்த ராஜினாமாவைத் தள்ளிப் போடுங்கள். ஏஜென்ட் சொன்னதில் பாதிதான் உண்மை. அந்தப் பாதியை நம்பி வந்து வேலையில் உட்கார்ந்தால், அடுத்து எந்த விசாவுக்குப் போனாலும் அது உங்களைத் துரத்தும்.

நான் இங்கே ஓர் அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் இதே இடத்தில்தான் குழம்புகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜெர்சி, பிரிட்டனின் பகுதி அல்ல. அரசர் பிரிட்டிஷ் அரசர்தான், ஆனால் நாடாளுமன்றம், வரி, குடிவரவுத் துறை எல்லாம் தனி. பொதுப் பயணப் பகுதி என்பது உண்மைதான். பிரிட்டன், அயர்லாந்து, மான் தீவு, கேர்ன்சி, ஜெர்சி ஆகியவற்றுக்குள் போய்வர வழக்கமான குடிவரவுச் சோதனை கிடையாது. யாரும் கேட்கவில்லை என்பதற்காக அனுமதி இருக்கிறது என்று ஆகிவிடாது. 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தை ஜெர்சிக்கும் நீட்டித்திருக்கிறார்கள். பிரிட்டனில் கொடுத்த அனுமதி இங்கேயும் செல்லும், ஆனால் அதே நிபந்தனைகளோடு. உங்கள் நிபந்தனை, உங்களை ஸ்பான்சர் செய்த நிறுவனத்தில் வேலை பார்ப்பது. ஆகவே தீவைச் சுற்றிப் பார்க்க வரலாம், வீடு பார்க்க வரலாம். இங்குள்ள நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது.

கடிதத்தில் இருக்கும் இரண்டும் வேறு வேறு. ஒரே கதவில் இரண்டு பூட்டு இருப்பது போல. ஒன்றின் சாவி மற்றதைத் திறக்காது.

வொர்க் பெர்மிட் என்பது குடிவரவு பக்கம். அதற்கு நீங்கள் விண்ணப்பிக்க முடியாது, நிறுவனம்தான் ஜெர்சி சுங்க, குடிவரவுத் துறையிடம் கேட்டு வாங்க வேண்டும். பெர்மிட் கையில் வந்ததும் அதையே விசா என்று நினைத்துவிடாதீர்கள். அதை வைத்து ஜெர்சிக்கான நுழைவு விசாவுக்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். மனைவிக்கும் மகளுக்கும் தனித்தனி விண்ணப்பம்.

லைசென்ஸ்டு என்பது தீவின் சொந்தச் சட்டம். வீட்டுவசதி, வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2012; நடைமுறைக்கு வந்தது 2013 ஜூலை. இந்தச் சட்டத்தில் பாஸ்போர்ட் ஒரு பொருட்டே இல்லை. லண்டனில் பிறந்து வளர்ந்தவர் புதிதாக வந்தாலும் உங்களோடு இதே வரிசையில்தான் நிற்க வேண்டும். தீவின் பரப்பு சுமார் 120 சதுர கிலோமீட்டர்தான். 2021 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 1,03,267. வீட்டுக்கு எப்போதும் தட்டுப்பாடு. அதனால் யார் எந்த வேலைக்குப் போகலாம், எந்த வீட்டில் குடியிருக்கலாம் என்று சட்டமே வகுத்து வைத்திருக்கிறது.

புதிதாக வருகிறவரின் நிலை ரெஜிஸ்டர்டு. தொடர்ந்து 5 ஆண்டு இருந்தால் என்டைட்டில்டு ஃபார் வொர்க். தொடர்ந்து 10 ஆண்டு இருந்தால் என்டைட்டில்டு. இவை ஆண்டுக்கணக்கில் வருபவை. லைசென்ஸ்டு மட்டும் வேலையால் வருவது: உங்களைப் போன்ற ஆள் உள்ளூரில் கிடைக்கவில்லை என்று நிறுவனம் காட்டி, அரசிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கும் இடம். பழைய ஆட்கள் இன்னும் "ஜே-கேட்" என்பார்கள்.

குவாலிஃபைட் வீடு என்டைட்டில்டு, லைசென்ஸ்டு ஆட்களுக்கு. ரெஜிஸ்டர்டு ஆளாக வந்தால் ரெஜிஸ்டர்டு என்று வகைப்படுத்திய வீட்டைத்தான் வாடகைக்கு எடுக்க முடியும், அல்லது யார் வீட்டிலாவது அறை எடுத்துத் தங்கலாம். சொந்தமாக வீடு வாங்க முடியாது. லைசென்ஸ்டு என்றால் குவாலிஃபைட் வீட்டை வாடகைக்கும் எடுக்கலாம், வாங்கவும் செய்யலாம். அடுத்த முறை அந்தப் பெண் கேட்டால் "லைசென்ஸ்டு, நிறுவனத்தின் கடிதம் இருக்கிறது" என்று சொல்லுங்கள், பேச்சே மாறிவிடும். ஆனால் நிறுவனத்திடம் அந்த அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா, இனிமேல்தான் கேட்கப் போகிறார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "உட்பட்டது" என்ற சொல்லுக்கு இரண்டு விதமாகவும் பொருள் வரும்.

கேர்ன்சி நர்ஸ்:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் பக்கத்துத் தீவு. தம்பி, இணையத்தில் தேடும்போது கேர்ன்சி விதிகளையும் ஜெர்சி விதிகளையும் கலந்து படித்துவிடாதீர்கள். இங்கே 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மக்கள்தொகை மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. குறுகிய கால, நடுத்தர கால, நீண்ட கால வேலை அனுமதிகள். நடுத்தரம் 5 ஆண்டு வரை, நீண்டது 8 ஆண்டு. வீடுகள் லோக்கல் மார்க்கெட், ஓப்பன் மார்க்கெட் என்று இரண்டு வகை. ஜெர்சியில் இந்தப் பெயர்களே கிடையாது.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ்டு உங்களோடு ஒட்டிய தகுதி அல்ல, அந்த நாற்காலியோடு ஒட்டியது. ஜெர்சியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கணவரின் வேலை போனது. வேலையோடு லைசென்ஸ்டு நிலையும் போனது, குடியிருந்த குவாலிஃபைட் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. பள்ளி ஆண்டின் நடுவில், இரண்டு பிள்ளைகளோடு ரெஜிஸ்டர்டு வீடு தேடி அலைந்தார்கள். அந்த வகை வீடு குறைவு, குடும்பத்துக்கு ஏற்றது அதிலும் குறைவு. வொர்க் பெர்மிட்டும் அதே முதலாளியோடுதான் கட்டுண்டிருக்கும். அதனால் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள். ஒரு மாதம் என்றிருந்தால் மூன்று மாதம் கேளுங்கள். சம்பளத்தில் கொஞ்சம் கூடக் கேட்பதைவிட இதைக் கேட்பது உங்கள் குடும்பத்துக்கு நல்லது.

மருத்துவமும் இங்கிலாந்து மாதிரி இருக்காது. ஜெர்சியில் ஜி.பி.யை, அதாவது குடும்ப மருத்துவரை, பார்க்கப் பணம் கட்ட வேண்டும். ஆறு மாதம் இருந்த பிறகுதான் ஹெல்த் கார்டு, அது வந்தால் அரசு ஒரு பங்கைத் தரும். மகளுக்கு ஏதாவது தொடர் மருந்து இருந்தால் அந்த இடைக்காலத்துக்குக் கையில் பணம் ஒதுக்கி வையுங்கள்.

தந்தூர் மாஸ்டர்:

இதைப் படிக்கும் சமையல், ஹோட்டல் தம்பிமார்களுக்காக ஒரு வார்த்தை. இந்தத் தம்பிக்கு வந்திருப்பது திறன் வேலைக்கான பெர்மிட். ஹோட்டல், உணவகம், பண்ணை வேலைகளுக்குத் தருவது தற்காலிக பெர்மிட். பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. தற்காலிக பெர்மிட்டில் மனைவி மக்களை அழைத்துவர முடியாது, எத்தனை வருடம் மாற்றி மாற்றி வந்தாலும் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கான கணக்கில் சேராது. வேலைக்குக் கிளம்பும் முன் "எந்த வகை பெர்மிட், எத்தனை மாதம், குடும்பம் வரலாமா" என்று கேளுங்கள். "எல்லாம் போனபின் மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். என்னோடு வேலை பார்த்த பையன் ஒருவன் வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். குழந்தை நடக்க ஆரம்பித்ததை அவன் ஃபோனில்தான் பார்த்தான். யாருக்கும் அப்படி ஆக வேண்டாம்.

மிட்லண்ட்ஸ் கணக்கர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தந்தூர் மாஸ்டர் அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். குடும்பத்துக்கான இடமாற்றச் செலவு தருவதாக எழுதியிருக்கிறார்கள், ஆகவே அந்த வகை இல்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டு கேள்வி மிச்சம். மனைவி அங்கே வேலைக்குப் போக முடியுமா, அவருக்கும் ஒரு நிறுவனம் லைசென்ஸ்டு அனுமதி எடுக்க வேண்டுமா? நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்காக இங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டுக் கணக்கு என்ன ஆகும்? அதை விட்டுவிட்டு வருவதுதான் மனதை உறுத்துகிறது.

தீவுக்காரி:

மனைவி விஷயம் நல்ல செய்தி. லைசென்ஸ்டு நிலையில் இருப்பவரின் கணவனோ மனைவியோ என்டைட்டில்டு ஃபார் வொர்க் நிலையைப் பெறலாம், 5 ஆண்டு காத்திருக்க வேண்டாம். இது பெரிய விஷயம். ரெஜிஸ்டர்டு ஆளை எடுக்க வேண்டுமென்றால் நிறுவனம் தனக்கு ஒதுக்கிய எண்ணிக்கையிலிருந்து ஓர் இடத்தைக் கொடுக்க வேண்டும். என்டைட்டில்டு ஃபார் வொர்க் என்றால் அந்தக் கணக்கே இல்லை, எந்தக் கடையும் அலுவலகமும் தயங்காமல் எடுக்கும். ஆனால் இது இரண்டாவது பூட்டு மட்டும். முதல் பூட்டுக்கு அவருடைய விசாவில் வேலைத் தடை இல்லாமல் இருக்க வேண்டும். விசா வந்ததும் நிபந்தனை வரியை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள்.

ஆண்டுக் கணக்கில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு இங்கிலாந்தில் இருந்த காலம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு அந்தக் காலம் முடிய கொஞ்சம்தான் பாக்கி என்றால், அதை முடித்துவிட்டு வருவதே புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். நிறையப் பாக்கி என்றால் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் தேதிகளைக் காட்டிப் பேசுங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

பிரிட்டிஷ் குடியுரிமை வேறு கதை. 1981ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பிரிட்டனையும் இந்தத் தீவுகளையும் சேர்த்தே ஒரே பகுதியாக எடுத்துக்கொள்கிறது. ஜெர்சியில் வாழும் காலம் குடியுரிமைக்கான வசிப்புக் காலத்தில் சேரும். இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: நிரந்தரக் குடியிருப்பு உரிமை வாங்கி, பிறகு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே கையில் வந்தாலும், 10 ஆண்டு நிறையும் வரை இங்கே நீங்கள் என்டைட்டில்டு ஆகமாட்டீர்கள். வீட்டுக் கணக்கு அதன் போக்கில் தனியாக ஓடும்.

வந்து இறங்கியதும் வேலையைத் தொடங்கும் முன் பதிவு அட்டை எடுக்க வேண்டும். உங்கள் பெயர், நிலை, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் அதில்தான் இருக்கும். வீட்டு ஒப்பந்தம் போடும்போதும் அதையே கேட்பார்கள். அப்புறம், பிரான்ஸ் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். வார இறுதியில் கப்பலேறி செயின்ட் மாலோ போய்வரலாம் என்று அலுவலகத்தில் அழைப்பார்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா இல்லாமல் அது நடக்காது.

மிட்லண்ட்ஸ் கணக்கர்:

இப்போதுதான் எல்லாம் தெளிவாகிறது அக்கா. இன்றே எச்.ஆரிடம் நான்கு விஷயம் கேட்டு எழுதுகிறேன்: லைசென்ஸ்டு அனுமதி கையில் இருக்கிறதா, எந்த வகை பெர்மிட், குடும்பத்துக்கான விசா அதோடு சேர்ந்து போகுமா, நோட்டீஸ் காலத்தை மூன்று மாதம் ஆக்க முடியுமா. விசா ஒட்டிய பிறகே வேலையில் சேரும் தேதியை முடிவு செய்யலாம் என்றும் கேட்கப் போகிறேன்.

தீவுக்காரி:

தேதியைத் தள்ளிக் கேட்கத் தயங்கவே வேண்டாம். இங்கே ஆள் எடுக்கிற எல்லோருக்கும் இது பழகின விஷயம்தான், பெர்மிட் வர வாரக்கணக்கில் ஆகும் என்பது அவர்களுக்கே தெரியும். மகளின் பள்ளிக்கு மட்டும் சீக்கிரம் எழுதிப் போடுங்கள், எந்தப் பகுதியில் வீடு அமைகிறது என்பதைப் பொறுத்துத்தான் இடம் தருவார்கள். வீடு தேடும்போது ஏதாவது விளம்பரம் புரியவில்லை என்றால் அதன் வாசகத்தை இங்கே எழுதுங்கள், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.