வடசென்னையில் நான்கு நாள் தங்கிப் பார்க்க வருகிறேன்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

முத்துநகர்ப் பெண்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 26 வயது, திருமணம் ஆகவில்லை. தூத்துக்குடியில், கப்பல் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இதே தொழிலில், சென்னை ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு அருகில் இருக்கும் ஒரு நிறுவனம் என்னை அழைத்திருக்கிறது. பதில் சொல்ல இந்த மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு சம்பளம் என்றாலும், வீட்டுச் சாப்பாட்டையும் வாடகையில்லாத கூரையையும் விட்டுவிட்டு வந்தால் அந்த அரை மடங்கில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க முடியவில்லை.

சென்னைக்கு மூன்று முறை வந்திருக்கிறேன். மூன்றும் கல்யாணத்துக்கு, மூன்று முறையும் தாம்பரத்தைத் தாண்டவில்லை. உடன் வேலை பார்ப்பவர்கள் வேளச்சேரி, வடபழனி பக்கம் ஹாஸ்டல் பார்க்கச் சொல்கிறார்கள். தினமும் இரண்டு மணி நேரத்தைப் பயணத்தில் கரைக்க எனக்கு மனமில்லை. அலுவலகத்துக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டியே இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் வடசென்னை என்று சொன்னதும் அப்பாவின் முகம் மாறிவிடுகிறது. சினிமாவில் பார்த்த அரிவாளைத் தவிர அந்தப் பகுதியைப் பற்றி அவருக்கு வேறெதுவும் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அவ்வளவுதான்.

வரும் வியாழக்கிழமை காலை முத்துநகர் எக்ஸ்பிரஸில் எழும்பூரில் இறங்கி, ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம். சுற்றிப் பார்ப்பதற்காக வரவில்லை. குடிவரப் போகிறவளாகப் பார்க்க வேண்டும். எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும், தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்களா என்பதை அங்கே வாழ்பவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கல்மண்டபத்தார்:

அம்மா, நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெளியூர்க்காரர்கள் வடசென்னை என்று ஒரே பெயரில் சொல்வதை இங்கே இருக்கும் நாங்கள் ஒரே ஊராக நினைப்பதில்லை. ராயபுரத்துக்காரனுக்குப் பெரம்பூர் வேறு ஊர். பெரம்பூர்க்காரருக்குத் திருவொற்றியூர் என்பது வடிவுடையம்மனைத் தரிசிக்கப் போய்வரும் ஊர். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் எங்கள் ராயபுரம் நிலையத்திலிருந்து புறப்பட்டது என்று பெருமை பேசுவோம். அந்தத் தண்டவாளங்களே பிறகு குறுக்கும் நெடுக்குமாகப் பெருகி எங்களைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டதால், கண்ணுக்கு எதிரே தெரியும் தெருவுக்குப் போக மேம்பாலத்தையோ சுரங்கப்பாதையையோ தேடிச் சுற்ற வேண்டியிருக்கும். ஆகவே வீடு பார்க்கும்போது அலுவலகம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள். நடுவில் எத்தனை தண்டவாளம் என்று கேளுங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் வாடகை குறைவாகக் கிடைத்தால், கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள். பெரம்பூர் ரயில்வே குடும்பங்கள் நிறைந்த நல்ல இடம். ஆனால் அங்கிருந்து வரும் ரயில்களில் பெரும்பாலானவை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்தோடு நின்றுவிடும், கடற்கரை நிலையத்துக்கு நேராக வருபவை குறைவு.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அன்றைக்குப் பாரிமுனை அடங்கிக் கிடக்கும், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் திருவிழாவாக இருக்கும். இரண்டுமே உங்களை ஏமாற்றும். வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலிலிருந்து ராஜாஜி சாலை வரை நடந்து பாருங்கள். மீன்பாடி வண்டிக்கும் லோடு ஆட்டோவுக்கும் நடுவில் பக்கவாட்டில் திரும்பி நடக்கப் பழக வேண்டும். அதே தெருவுக்கு இரவு எட்டரை மணிக்கு மறுபடி வாருங்கள். ஷட்டர்கள் இறங்கி, காலையில் பார்த்த தெருதானா என்று சந்தேகம் வரும். அலுவலகத்திலிருந்து தாமதமாகக் கிளம்பும் நாள்களில் நீங்கள் நடக்கப் போவது அந்த இரண்டாவது தெருவில்தான். பசித்தால் கடற்கரை நிலையத்துக்கு எதிரே பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் தொடங்கிய அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகள் இருக்கின்றன. வாழைத்தண்டு சூப்பை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது.

கொளச்சல்காரி:

தங்கச்சி, நானும் உன்னைப் போலத் தனியாக வந்தவள்தான். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் தண்டையார்பேட்டை, இப்போது காலடிப்பேட்டை. (பெயரைக் கேட்டு, காலடியில் பிறந்த ஆதிசங்கரரோடு ஏதோ தொடர்பு என்று முதலில் நம்பினேன். கலெட் என்ற ஆங்கிலேய கவர்னர் 1717க்குப் பிறகு நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் என்பதால் வந்த பெயராம். கலெட்பேட்டையை நம் ஆட்கள் காலடிப்பேட்டை ஆக்கிவிட்டார்கள்.)

மண்ணடி மெட்ரோ நிலையத்திலிருந்து உன் அலுவலகத்துக்கு நடந்துவிடலாம் என்பதால், அந்தத் தடத்தை ஒட்டியே வீடு தேடு. வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்த பிறகுதான் எங்கள் பகுதி வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஏற்றதாக மாறியது. காலடிப்பேட்டையில் ஏறினால் மண்ணடி ஆறாவது நிலையம். இரவு 11 மணி வரை ரயில் இருக்கிறது. ஆனால் நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரையுள்ள அந்தக் கடைசி ஏழெட்டு நிமிடம்தான் உனக்கு முக்கியம். நான் இந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், இரவு ஒன்பதரை மணிக்கு இரண்டு முறை அந்தத் தெருவில் நடந்தேன். முனையில் ஓர் இஸ்திரி வண்டி, அதை அடுத்து இட்லி ஊற்றும் ஓர் அக்கா, அதற்கும் அப்பால் மரப்பலகையைச் சுற்றிக் கேரம் ஆடும் பையன்கள். இரண்டாவது நாள் இட்லிக்கார அக்கா, "யார் வீட்டைத் தேடுறே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே வீட்டை எடுத்தேன்.

வீடு கொடுப்பார்களா என்றால், கொடுப்பார்கள். அதற்கு முன் ஒரு நேர்காணல் நடக்கும். அதில் கம்பெனிக்காரர்கள் கேட்பதைவிடக் கேள்விகள் அதிகம். யார் யார் வந்து போவார்கள், அசைவம் சமைப்பாயா, எத்தனை மணிக்குத் திரும்புவாய், கல்யாணம் எப்போது. முதல் மூன்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொல், நான்காவதுக்குச் சிரித்துவிடு. அப்பாவிடம் போனில் பேச வேண்டும் என்பார்கள். அவமானமாக எடுத்துக்கொள்ளாதே, பேசி முடித்த பிறகு அவர்களே உனக்குக் காவல் ஆகிவிடுவார்கள்.

பணத்தைப் பற்றி. அட்வான்ஸ் என்று சிலர் இன்னும் பத்து மாத வாடகை கேட்கிறார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த "ஒழிய" என்ற சொல்லுக்குள்தான் எல்லோரும் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். இருந்தாலும் சட்டம் தெரிந்தவள் என்று காட்டிப் பேசினால் நான்கைந்து மாதத்துக்கு இறங்கி வருவார்கள், எனக்கு இறங்கினார்கள். கரண்ட் பில்லுக்குச் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக வசூலிப்பார்கள். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 யூனிட் இலவசம் உன் கணக்குக்கு வராமலே போகும். முன்கூட்டியே கேட்டுவிடு.

என்னை மிகவும் அலைக்கழித்தது தண்ணீர். தண்டையார்பேட்டையில் இருந்த வீட்டை மாலையில் பார்த்தேன். குழாயைத் திறந்தால் கொட்டியது, மகிழ்ந்து போனேன். அது போர்வெல் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியம் விடும் தண்ணீர்) விடியற்காலையில் தெருப்பக்கத்து அடிபம்பில்தான் வரும் என்பதும், அது நான்கரை மணியா ஐந்தரை மணியா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம் என்பதும் குடிபோன பிறகுதான் தெரிந்தது. எட்டு மாதம் குடத்தோடு நின்றேன். பிடித்த வீட்டை ஒரு முறை விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ப் பார். கதவைத் தட்ட வேண்டாம். வாசலில் எத்தனை குடம் இருக்கிறது என்று எண்ணினால் போதும்.

தங்குவதற்கு எழும்பூரிலேயே ஓர் அறை எடுத்துக்கொள், ஹாஸ்டலைப் பார்க்காமல் பணம் கட்டாதே. நானும் வந்த புதிதில் புரோக்கர் ஒருவரை நம்பி, பார்க்காத லேடீஸ் ஹாஸ்டலுக்கு ஒரு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டினேன். போய்ப் பார்த்தால் எட்டடி அறையில் நான்கு கட்டில். பணம் திரும்பவில்லை.

முத்துநகர்ப் பெண்:

அக்கா, அடிபம்பு விவரத்துக்கு மிக்க நன்றி. எங்கள் ஊரிலும் தண்ணீர் நாளைக் காலண்டரில் குறித்து வைக்கிறவர்கள்தாம் நாங்கள், ஆகவே பயமில்லை. இன்னொரு சந்தேகம்: மணலி, எண்ணூர் பக்கம் ஆலை வாடை இருக்கும் என்கிறார்கள். எங்கள் ஊரிலும் அனல் மின் நிலையமும் ஆலைகளும் உண்டு. கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கும்போது ஒரு மாதிரியும் கொண்டல் (கிழக்குக் காற்று) அடிக்கும்போது வேறு மாதிரியும் இருக்கும். அங்கே எப்படி?

மணலி மாடிவீடு:

காற்றைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். மேலே எழுதிய இருவரும் இதைத் தொடவில்லை.

கணக்கு நீங்கள் சொன்னதேதான். கடல் கிழக்கே, எண்ணெய்ச் சுத்திகரிப்பும் உரமும் ரசாயனமும் மணலியில் மேற்கே, கொடுங்கையூர்க் குப்பைமேடு தென்மேற்கே. பிற்பகலில் கடற்காற்று வீசும்போது திருவொற்றியூரில் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. வாடை முழுவதும் எங்கள் பக்கம் தள்ளப்பட்டுவிடும். இரவில் அந்தக் காற்று விழுந்து, மேற்கிலிருந்து திரும்பினால், நள்ளிரவில் கடற்கரை வீடுகளிலும் ஜன்னலைச் சாத்த வேண்டிவரும். பகலில் மட்டும் வீடு பார்த்தவர்கள் இதை அறிய வாய்ப்பே இல்லை. உறவினரோ தோழியோ இருந்தால் ஓர் இரவாவது திருவொற்றியூர்ப் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்துப் பாருங்கள். ஆஸ்துமா, வீசிங் இருந்தால் விம்கோ நகருக்கு வடக்கே போகவே வேண்டாம் என்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். அங்கும் மக்கள் வாழ்கிறார்கள், அவர்களுக்குப் போக வேறு இடமும் இல்லை. ஆனால் தேர்ந்தெடுக்கும் வசதி உங்களுக்கு இருக்கிறது.

ஸ்கூட்டி வாங்கும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். துறைமுகத்தின் ஜீரோ கேட் வாயிலுக்குள் நுழைவதற்காக எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும்போது, அவற்றுக்கு நடுவில் இருசக்கர வண்டி ஓட்டுவது எப்படியிருக்கும் என்பதை உங்கள் தொழிலில் இருப்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வரிசையில் உங்கள் கம்பெனிச் சரக்கும் நிற்கும்.

கல்மண்டபத்தார்:

மணலி நண்பர் சொல்வது சரி. ராயபுரத்தில் மூக்கை மீன் வாடை அடைத்துவிடுவதால் மற்றது எனக்கு உறைக்கவில்லை போலும்.

முத்துநகர்ப் பெண்:

போய்வந்துவிட்டேன்; உதவியவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது முறையல்ல என்பதால் எழுதுகிறேன்.

ஆறு வீடு பார்த்தேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஓர் ஒண்டுக் குடித்தனம் மிகவும் பிடித்திருந்தது. ஐந்து வீட்டுக்கு ஒரு குளியலறை என்றதும் மனம் வரவில்லை. புதுவண்ணாரப்பேட்டையில் ஓர் அம்மாள் "பேச்சிலருக்குக் கிடையாது" என்று கேட்டுக்கு உள்ளிருந்தே சொன்னார். பெண்ணையும் பேச்சிலர் என்பார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர்த் தேரடிப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டின் கீழே நின்றேன். வாசலில் குடம் ஒன்றுகூட இல்லை. தண்ணீரே வருவதில்லையோ என்று பதறிப்போய், பால் வாங்க வந்தவரிடம் கேட்டேன். சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) மெட்ரோ தண்ணீர் நேராக இறங்கி மோட்டாரில் மாடிக்கு ஏறுகிறது என்றார். அன்று இரவு காலடிப்பேட்டையில் கொளச்சல் அக்காவின் வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தோம். இரண்டு மணி வாக்கில் லேசாகக் கந்தக வாடை வந்து, அரை மணி நேரத்தில் போய்விட்டது. எங்கள் வீட்டுக்குப் புதியது அல்ல.

அந்த மாடி வீட்டுக்காரர் ஐந்து மாத அட்வான்ஸுக்குச் சம்மதித்திருக்கிறார். ஆனால் அப்பாவை நேரில் பார்த்துப் பேசிய பிறகுதான் சாவி தருவாராம். அப்பாவுக்குப் புதன்கிழமை டிக்கெட் போட்டாகிவிட்டது. அவரைக் காசிமேட்டுக்கு அழைத்துப் போவதா வேண்டாமா என்பது மட்டும்தான் இன்னும் முடிவாகவில்லை. மீன் விலையைக் கேட்டால் அடுத்த ரயிலிலேயே என்னையும் ஏற்றிவிடுவார்.